இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷத்து மீன்கொத்தி

ரெண்டு செகண்டுதான். ஒண்ணு, ரெண்டுன்னு வாய்விட்டு எண்ணித்தான் காசை முக்கினேன், எப்பவும் அப்படித்தான், மூணாவது செகண்டுக்கு விட்டா வெள்ளியோட பளபளப்பே செத்துப்போயிரும், சில்வர் டிப்புங்கற அந்தத் தண்ணி அழுக்கு எது காசு எதுன்னு பார்த்துக் கடிக்காது. எடுத்து பேட்டரிக்கு ஊத்தற காய்ச்சி வடிச்ச தண்ணியில அலசி, பஞ்சு மேல சாய்ச்சு வெச்சு, தூசி படியக் கூடாதுன்னு ஃபேனை நிறுத்திட்டு உக்காந்தேன். காசு மேல இருந்த விரல் ரேகை போச்சு. நல்லா வேலை செஞ்சிருக்கே கனகசபாபதின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், சத்தியமா அப்படித்தான் சொன்னேன், சொல்லி ஒரு நிமிஷம்கூட இருக்காது, மூக்குக் கண்ணாடியைத் துடைக்கப் போனவன் பாதித் துடைப்புல அப்படியே நின்னுட்டேன். அந்த ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடு இருந்துச்சு. முக்கறதுக்கு முன்னால லென்ஸ்ல பார்த்தேனே. சாய்வா, மேலிருந்து கீழே, ரேகை அந்த இடத்துல அறுந்து, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை தள்ளி மறுபடி ஆரம்பிச்சுச்சு. மில்லு லேப்ல முப்பத்திரண்டு வருஷம் நூல் பார்த்தவன் நான், அறுந்த நூலை ஒட்டின இடமாட்ட இருக்குதேன்னுகூட நினைச்சேன். நினைச்சுட்டு முக்கிட்டேன். அது சாந்தாமணியோட பெருவிரல். வாழைக்காய் அரியறப்போ அரிவாமணையில வெட்டிக்கிட்டு மூணு தையல் போட்ட விரல். என் சம்சாரம் போய்ச் சேர்ந்து, வர்ற வியாழக்கிழமையோட ஒரு வருஷம் ஆகுது.

மணி ஒம்பதே முக்கால். மைதிலி ஒம்பது மணிக்கே திருப்பூர்ல பஸ் ஏறிட்டேன்னு போன் பண்ணினா, ஹோப் காலேஜ் ஸ்டாப்புல இறங்கி ஆட்டோ புடிச்சா பத்தரைக்குள்ள வந்துருவா. திதிக்கு முன்னால அம்மா புடவையெல்லாம் எடுத்து வெக்கணும்னு வர்றா என் மக. நான்தான், அப்படியே இந்தக் காசையும் எடுத்துட்டுப் போ அம்மணி, எல்லாம் உனக்குத்தான்னு சொல்லி வெச்சேன். "வேண்டாங்ப்பா, எனக்கு அதைத் தொடவே பயம்"ன்னா. வெள்ளிக் காசுக்கு என்ன பயம்னு கேட்டேன். கொடுக்கறதுக்கு முன்னால ஒருக்கா எல்லாத்தையும் சரிபார்த்துருவோம்னுதான் காலையில காப்பி குடிச்ச கையோட டப்பாவைத் திறந்தேன், இல்லை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைச்சு, பருத்திக் கையுறை மாட்டிக்கிட்டுத் திறந்தேன், அந்த ஒழுங்கையும் சொல்லிரணும். தொண்ணூத்தெட்டுலிருந்து போன வருஷம் வரைக்கும் இருபத்தேழு காசு. ஒவ்வொண்ணும் ஒரு அவுன்ஸ், தனித்தனி பிளாஸ்டிக் உறைக்குள்ள மூடி போட்டது, எங்கயோ கடலுக்கு நடுவுல இருக்கிற ஒரு தீவு நாட்டுக்காரன் அடிக்கிறது, ஒரு பக்கம் அவன் தேசத்து முத்திரை, மறுபக்கம் மரக்கிளையில உக்காந்த மீன்கொத்தி, கீழே தண்ணி. மூணு வருஷமா பழசு எதையும் திறக்கலை, ஆஸ்பத்திரியும் வீடும்னு அலைஞ்சதுல எங்கே திறக்கிறது. இரண்டாயிரத்து ஒன்பதைத் திறந்தா, மீன்கொத்திக்கு இடப்பக்கம், கண்ணாடியாட்ட இருக்க வேண்டிய வெற்றிடத்துல, பழுப்பா ஒரு பெருவிரல் ரேகை. எனக்கு வந்த கோபம் இருக்குதே. யாரு தொட்டதுன்னு இந்தக் காலி வீட்டுல சத்தமாக் கேட்டேன். வெள்ளி கமுக்கமான சரக்கு, தொட்டவுடனே காட்டிக் கொடுக்காது. ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ போய், தொட்டவங்களே மறந்தப்புறம் மெல்ல எழும்பி மேலே வரும். அவ போனப்புறம் எழும்பியிருக்கு. எனக்குக் காட்டறதுக்குன்னு எழும்பியிருக்கு, நான் பேட்டரித் தண்ணியில அலசிட்டேன்.

பஞ்சு இன்னும் ஈரமாத்தான் இருக்கு. காயாம எடுத்துப் பார்க்கக் கூடாது, ஈரத்துல வெளிச்சம் பொய் சொல்லும், காயட்டும். காயறதுக்கு முன்னால பார்க்கப் பயமா இருக்குன்னு சொல்லிட்டுப் போயேன் கனகசபாபதி, யார் கேக்கறாங்க. ஒரு வழி இருக்கு. பழைய ரேகை லேசுல போகாதுன்னு ஜமீல் பாய் சொல்லுவார், எனக்கு இந்தக் காசையெல்லாம் தருவிச்சுக் கொடுக்கிற டவுன்ஹால் கடைக்கார பாய், கை வேர்வையில இருக்கிற உப்பு வெள்ளியையே அரிச்சுரும் சார், மேலே கறையைக் கழுவினாலும் கீழே ரேகை பள்ளமா நிக்கும், ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் புடிச்சாத் தெரியும், அந்தக் காசு செத்த காசும்பார். அப்படி ஒண்ணு ரெண்டாயிரத்து மூணுல வந்துச்சு, யாரோ வெளிநாட்டுக்காரன் விரல், திருப்பிக் கொடுத்துட்டு வேற வாங்கினேன், பாய் மூஞ்சியைச் சுளிச்சார், நான் விடலையே. குறையிருந்தா என் கண்ணுல படாமப் போகாது. இன்னைக்கு மருதமலை முருகா, அரிச்சிருக்கணும், பள்ளம் விழுந்திருக்கணும், அந்தக் காசு செத்திருக்கணும்னு வேண்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஃபேன் இல்லாம வேர்க்குது. வேர்வை காசு மேல சொட்டிரும்னு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கிட்டேன், பாரு, இப்பக்கூட.

முதல் காசு வந்த வருஷம் அவ என்ன பண்ணினா தெரியுமா. தீபாவளிக்கு முந்தின நாள், குத்துவிளக்கு, சந்தனக் கிண்ணம், காமாட்சி விளக்கு எல்லாத்தையும் விபூதி போட்டுத் தேய்ச்சுக் கழுவறது இந்த ஊர்ல யார் வீட்டுலயும் நடக்கிறதுதானே, அந்த வரிசையில என் மீன்கொத்தியையும் உக்கார வெச்சு, விபூதியைக் குழைச்சு, பழைய வேட்டித் துணியால நல்லா அழுத்தித் தேய்ச்சு, சாமி படத்துக்கு முன்னால தாம்பாளத்துல வெச்சுட்டா. மீன்கொத்தி நெத்தியில குங்குமம். மில்லு விட்டு வந்தவன் பார்த்தேன். கண்ணாடியா இருந்த காசு, விளக்கு வெளிச்சத்துல ஆயிரம் கீறல். "ஏனுங்க, பளிச்சுன்னு ஆயிருச்சு பாருங்க"ன்னு சிரிச்சுக்கிட்டு நிக்கறா. நான் என்ன கத்து கத்தினேன். படிக்காதவ, ஒரு பொருளோட அருமை தெரியாதவ, இனிமே என் டப்பாவைத் தொட்டா நடக்கறதே வேறன்னு, அவங்க அம்மா வந்து உக்காந்திருக்கும்போதே கத்தினேன். எட்டாவது வரைக்கும் படிச்சவ, அது ஒரு குத்தமா. அவ குங்குமத்தை மட்டும் முந்தானையால மெதுவாத் துடைச்சா, அந்தத் துடைப்புல இன்னும் நாலு கீறல். அந்தக் காசை வெள்ளிக் கடையில போட்டு மைதிலிக்குக் கொலுசு வாங்கிட்டு, பாய்கிட்ட அதே வருஷத்துல வேற ஒண்ணு வாங்கி வெச்சேன். அவ ரெண்டு கையாலயும் தேய்ச்ச காசு. அதையும் போட்டுட்டேன். இருபத்தேழும் சுத்தமா வெச்சிருக்கேன்னு இத்தனை நாள் எவ்வளவு பெருமை. அதுக்கப்புறம் அவ அந்த டப்பா இருக்கிற அலமாரித் தட்டைக்கூட துடைக்க மாட்டா, சுத்தியும் துடைச்சுட்டு அந்த ஒரு சதுரத்தை விட்டுருவா, டப்பாவை எடுத்தா அடியில சதுரமாத் தூசி இருக்கும். நான் சொன்னதைக் கேக்கறான்னு சந்தோஷப்பட்டேன்.

ஒன்பதாம் வருஷத்துக் காசுதான் பெரிய காசு எனக்கு. அதுல இருந்துதான் மாறுச்சு. அதுவரைக்கும் ஏதோ ஒரு கிழவன் கையால அச்சு வெட்டியிருக்கணும், சிறகுல பதினாலு இறகு, தண்ணியில அஞ்சு அலை, பறவை தடிமனா மேலே எழும்பி நிக்கும், விரலை வெச்சா உரசும்னு சொல்லலாம், வெக்கக் கூடாது. ஒன்பதுல கம்ப்யூட்டர் அச்சு. பதினொரு இறகு. நாலு அலை. மேடு ஒரு மயிரிழை குறைஞ்சு பறவை தட்டையாயிருச்சு. எவனும் சொல்லலை, நானாக் கண்டுபிடிச்சேன், எட்டாம் வருஷத்ததையும் ஒன்பதையும் பக்கத்துல வெச்சு ராத்திரிச் சாப்பாட்டைக்கூட மறந்து பார்த்துக்கிட்டே இருந்தேன், சந்தோஷம் தாங்காம அடுக்களையிலிருந்த அவளைக் கூப்பிட்டேன், சாந்தா, இங்க வந்து பாரு. ஈரக் கையோட ஓடி வந்தா. தொடாதே, தொடாதே, தள்ளி நின்னு பாரு. குனிஞ்சு பார்த்தா, இதைப் பார்த்தா, அதைப் பார்த்தா. "ரெண்டும் அதே குருவிதானுங்களே"ன்னா. போ, போய் வேலையைப் பாருன்னுட்டேன். அப்புறம் இரண்டாயிரத்துப் பதினாலுல இருந்து காசு மேல பால் தெளிச்சாப்பல வெள்ளைப் புள்ளி வர ஆரம்பிச்சுச்சு, ஓரத்து வரி ஆழம் குறைஞ்சுச்சு, உறை பிளாஸ்டிக்கே மெலிசாப் போச்சு, ஒவ்வொண்ணையும் தேதி போட்டு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். அவ மெலிஞ்சதுக்குத் தேதி இல்லை. வளையல் முழங்கை வரைக்கும் ஏறுதுன்னு பக்கத்து வீட்டு ருக்மணி சொல்லித்தான் பார்த்தேன். தினம் எனக்கு எதிர்ல உக்காந்து சோறு போட்ட கை. லென்ஸ் வெச்சா பாக்கணும் அதை.

கேன்சருக்கு மருந்து ஆரம்பிச்சு மூணாம் மாசம் உள்ளங்கையெல்லாம் சிவந்து தோல் உரிஞ்சுச்சு. விரல் நுனி வழுவழுன்னு ஆயிருச்சு. ரேஷன் கடைக்குப் போனா மெஷின்ல பெருவிரலை வெக்கறா, ஏத்துக்கலை, மறுபடி வெக்கறா, அடுத்த விரல், அடுத்த விரல், பின்னால வரிசை நிக்குது. "ரேகையே விழலைங்கம்மா, வீட்டுல ஐயாவை வரச் சொல்லுங்க"ன்னு அனுப்பிட்டான். வந்து செருப்பைக் கழட்டிக்கிட்டே சிரிச்சா. "என் ரேகையெல்லாம் மருந்து தின்னுருச்சுங்க. இனி நான் திருடினாக்கூட புடிக்க முடியாது." நான் பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன், சரி நான் போறேன்னு பையை வாங்கிட்டுப் போனேன், அவ கையைப் புடிச்சுத் திருப்பிப் பார்க்கணும்னு தோணலை. அப்ப அவ கையிலயே இல்லாத ரேகை, இந்தக் காசுல இருந்திருக்கு. மூடி போட்டு, இருட்டுல, பத்திரமா. ஆதார் எடுத்தவன்கிட்ட பத்து விரலும் இருக்கு, எந்த ஊர்லயோ எந்த மெஷின்லயோ, அவனுக்கு அவ யாருன்னு தெரியுமா. எனக்கு ஒரு விரல் கிடைச்சுச்சு. அவ எடுத்துப் பார்த்திருக்கா. நான் இல்லாத நேரத்துல, திருட்டுத்தனமா, என் வீட்டுல என் பொண்டாட்டி. எதுக்குப் பார்த்தா. எதுக்கு இந்தக் காசை. கேட்டிருந்தா நானே எடுத்துக் காட்டியிருப்பேன்னு சொல்ல வாய் வருது, காட்டியிருக்க மாட்டேன், தள்ளி நின்னு பாருன்னிருப்பேன்.

மணி பத்தேகால். காய்ஞ்சிருச்சு. எடுத்தேன், ஓரத்தைப் புடிச்சு, ஜன்னல்கிட்ட கொண்டு போனேன். நேரா வெச்சேன், ஒண்ணுமில்லை. சாய்ச்சேன். வேற பக்கம் சாய்ச்சேன். டார்ச் அடிச்சேன். லென்ஸைக் கண்ணோட ஒட்டி வெச்சு, அந்தக் கோடாவது, அந்தத் தையல் போட்ட கோடு ஒண்ணாவது நிக்காதான்னு, இடப்பக்கத்தை ஒரு ஓரத்துலிருந்து மறு ஓரம் வரைக்கும், நூல் பார்க்கிறாப்பல, இஞ்சு இஞ்சா. சுத்தமா இருக்கு. பள்ளமில்லை, பழுப்பில்லை. இவ்வளவு சுத்தமா அடிச்ச அன்னைக்குக்கூட இருந்திருக்காது. வேற காசு எதையாவது தொட்டிருப்பாளேன்னு மிச்ச இருபத்தாறையும் திறந்தேன், ஒவ்வொண்ணா, ஒரு மூடி கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில உருண்டு போச்சு, போகட்டும். பால் புள்ளி இருக்கு. ஒண்ணுல அச்சுக் கோளாறு இருக்கு. விரல் எதுலயும் இல்லை. இருபத்தேழு காசையும் மேஜையில பரப்பி வெச்சுக்கிட்டு, கண்ணெல்லாம் தண்ணியா உக்காந்திருக்கேன், அறுபத்தஞ்சு வயசு ஆளு, கண்ணுத் தண்ணி காசுல விழாம முகத்தை அக்கட்டாலத் திருப்பிக்கிட்டு.

ஆட்டோ சத்தம். கேட்டைத் திறந்து, "அப்பா"ன்னு கூப்பிட்டுக்கிட்டே வந்தவ, ரூம் வாசல்ல நின்னுட்டா, உள்ளே வரலை, சின்னதுலிருந்து அப்படித்தான், டப்பா திறந்திருந்தா வாசப்படி தாண்ட மாட்டா. "ஃபேன் போடாம என்னங்ப்பா இப்படி வேர்த்து, அழுதீங்களா?" உங்கம்மா இதைத் தொடுவாளான்னு கேட்டேன். எடுத்த எடுப்புல அதைத்தான் கேட்டேன், சாப்பிட்டியான்னு கேக்கலை. மைதிலிக்கு முகம் மாறிப்போச்சு. "இப்பப் போய் அம்மாவைத் திட்டாதீங்ப்பா." திட்டலை அம்மணி, சொல்லு. பையைக் கீழே வெச்சுட்டு, சுவரைப் பார்த்துக்கிட்டுச் சொன்னா. "மொதத் தடவை ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகறதுக்கு முந்தின நாளுங்ப்பா. நீங்க பணம் எடுக்க பேங்குக்குப் போனீங்க. அம்மா என்னைக் கூப்பிட்டு, அந்த டப்பாவை எடுடி, போறதுக்கு முன்னால ஒருக்கா பார்த்துக்கறேன், இந்த மனுசன் இத்தனை வருஷமா இதுல என்னத்தைப் பார்க்கறார்னு, அப்படின்னா. எட்டும் ஒன்பதும்னு சொல்லி எடுத்தா. எனக்கு வேர்த்துருச்சு. கையுறையெல்லாம் மாட்டிக்கிட்டா, நீங்க போட்டுக்கறாப்பலயே. அப்புறம் அவளே கழட்டிட்டா, துணி வழுக்குது, கீழே போட்டா உங்கப்பா உசுரு போயிரும்னு. ரொம்ப நேரம் பார்த்தா. நான்கூட ரெண்டும் ஒண்ணுதாம்மான்னேன். இல்லைடின்னா." இல்லைன்னாளா? "ம். பழைய குருவி வயிறு நெறைஞ்சு உக்காந்திருக்கு, புதுக் குருவி பசியோட உக்காந்திருக்குன்னா. உங்கப்பாகிட்ட சொல்லட்டுமாம்மான்னேன். வேண்டாம், சிரிப்பாருன்னுட்டா."

எட்டையும் ஒன்பதையும் பக்கத்துல வெச்சேன். லென்ஸ் எடுக்கலை. எட்டாம் வருஷத்துப் பறவை வயிறு உருண்டு, தண்ணியை வெறுமனே பார்த்துக்கிட்டிருக்கு, அதுக்கு ஒண்ணும் வேண்டாம். ஒன்பதுல வயிறு ஒட்டிப்போய், கிளையைப் புடிச்சுக்கிட்டு, தண்ணியையே பார்த்துக்கிட்டிருக்கு. பதினாலு இறகு, பதினொரு இறகுன்னு பதினாறு வருஷம் எண்ணினேன். பசின்னு எனக்குத் தெரியலை. உள்ளே வா அம்மணின்னேன். வாசப்படியைத் தாண்டி வந்தா. ஒன்பதை எடுத்து நீட்டினேன், உறையில்லாம, வெறும் கையால, மேலேயும் கீழேயும் விரல் பட. அவ பதறிப்போய்த் துப்பட்டாவுல கையைத் துடைக்கப் போனா. துடைக்காதே, அப்படியே புடி. "பஸ் கம்பி புடிச்ச கைங்ப்பா, கறை ஆயிரும்." ஆகட்டும். இந்தப் பக்கம், பறவைக்கு இடப்பக்கமா பெருவிரலை வெச்சு நல்லா அழுத்து, உங்கம்மா புடிச்சாப்பலயே. அவ பெருவிரலை வெச்சா. அவங்கம்மா கைதான், அதே கட்டை விரல், குறுக்கே கோடு மட்டும் இல்லை. "என்னங்ப்பா ஆச்சு?"ன்னு கேட்டா. ஒண்ணுமில்லை, இன்னும் சித்த நேரம் புடின்னேன்.